அரை வரி, அரைக் கேள்வி

மகளிர் சுய உதவிக் குழுவில் நான் ஊக்குநராக இருந்த காலத்தில், உறுதிமொழி சொல்லி முடித்த கையோடு கணக்கு வாசிப்பு தொடங்கிவிடும். போன கூட்டத்துக் கையிருப்பு, இந்தக் கூட்டத்துச் சேமிப்பு, உள்கடன் யாருக்கு எவ்வளவு, தவணை கட்டியவர் யார், கட்டாதவர் யார், வங்கிக்குப் போய்வந்த பஸ் காசு எவ்வளவு என்று ஒன்று விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவள் நான். கேட்பவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். அதில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் மனக்கணக்கில் அவர்களை அசைக்க முடியாது.

"போன மாசம் பஸ்ஸுக்கு எட்டு ரூபான்னு படிச்சீங்க. இப்ப பன்னண்டுன்னு படிக்கிறீங்களே அக்கா?"

கட்டணம் ஏறியிருந்தது. டிக்கெட்டை நோட்டிலேயே ஒட்டி வைத்திருந்தேன். காட்டினேன். கேட்டவள் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் நோட்டைக் கொடுத்தாள். அது வட்டம் முழுக்கச் சுற்றி என் மடிக்குத் திரும்பியது. யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. எனக்கும் கோபம் இல்லை. கேட்பது அங்கே வழக்கம், காட்டுவதும் வழக்கம். கூட்டம் முடிந்ததும் அவளும் நானும் ஒரே வழியில் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

இந்தப் பழக்கம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தது. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில்தான் தமிழ்நாட்டு அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் எங்கள் சேலத்துக்கும் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. தொப்பூரிலிருந்து பவானி போகும் சாலை மேச்சேரி வழியாகத்தான் போகிறது. தருமபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வரும்போது பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். "எங்க ஊர்ல நாங்களே கணக்கு எழுதுறோம்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் எங்கள் ஊரில் குழு கட்டினோம். எங்கள் ஊர் மேச்சேரியை ஒட்டிய சின்ன ஊர். பெயர் வேண்டாம். சுற்றியுள்ள எல்லா ஊர்க் கதையும் இதேதான்.

ஊரில் கணக்கு வாசிப்பு அதற்கு முன்பும் இருந்தது. மாரியம்மன் பண்டிகை முடிந்து, பந்தல் பிரித்து, மைக்செட்காரருக்கும் பம்பைக்காரருக்கும் பணம் கொடுத்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடும். தலைக்கட்டு வரி இத்தனை, உண்டியல் இத்தனை, பந்தல் இத்தனை, வாணவேடிக்கை இத்தனை என்று ஒருவர் வாசிப்பார். கேள்வி வரும். பூ எதற்கு இவ்வளவு? கூத்துக்காரருக்குப் பேசிய தொகை என்ன, கொடுத்த தொகை என்ன? குரல் உயரும். சில வருஷம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஆனாலும் கணக்கு வாசிக்காமல் அடுத்த பண்டிகைக்குக் காப்புக் கட்டியதில்லை.

அந்த வாசலில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்தபடி காதைக் கொடுப்போம். காலனித் தெருவிலிருந்தும் யாரும் வந்ததில்லை. வரி கொடுத்தவர்தான் கேள்வி கேட்கலாம் என்பது ஊர்ச் சட்டம். காலனியில் வரியே வாங்க மாட்டார்கள். அதைச் சலுகை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். வரி வாங்காதது எதற்கென்று குழுவில் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. புருஷன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. கொடுக்கலாம், கேட்க முடியாது.

மேச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடு. செம்பழுப்பு நிறத்தில், கம்பளி இல்லாமல், குட்டை மயிரோடு இருக்கும் எங்கள் ஊர்ச் செம்மறி. தோலுக்குப் பேர் போனது. பொட்டனேரியில் அதற்கென்றே 1978இலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தையில் அந்த ஆட்டை விற்கும்போது பழைய தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேசிக்கொள்வார்கள். விற்பவர் என்ன கேட்டார், வாங்குபவர் என்ன கொடுத்தார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதே மேச்சேரியில் டீக்கடைக்குப் போனால் மேட்டூர் அணையில் இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு கனஅடி, திறப்பு எவ்வளவு என்று சின்னப் பையனும் சொல்வான். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அன்றன்றைய கணக்கு அன்றன்றைக்கு வெளியே வந்துவிடும். தண்ணீரை யாருக்குத் திறப்பது என்று எவ்வளவு சண்டை போட்டாலும், அணையில் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. துண்டுக்கு அடியில் பேசும் விலையையும் பலகையில் எழுதும் நீர்மட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

2016 கடைசியில் ஜியோ வந்தது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பையன்கள் பண்டிகைக்கு வரும்போது அம்மாக்களுக்கு டச் போன் வாங்கி வந்தார்கள். ஊர்ப் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினான் செல்போன் கடை வைத்திருந்த ஒரு தம்பி. அப்போது ஒரு குரூப்பில் 256 பேர்தான் சேரலாம். எங்கள் ஊருக்கு அதுவே தாராளம். காலை வணக்கம், பிள்ளையார் படம், காணாமல் போன ஆடு, நாளைக்கு மின்தடை, ரத்தம் தேவை, கல்யாணப் பத்திரிகை, அணை நீர்மட்டம். இதற்கு நடுவே ஒருநாள் ஒருத்தி வறண்ட குழாயின் படத்தைப் போட்டு, "எங்க தெருவுக்குத் தண்ணி வந்து ஆறு நாளாச்சு" என்று பேசி அனுப்பினாள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் பெரிய வரம். பின்னால் கோழி கத்தும், குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும். யார் பேசுகிறார்கள் என்று பெயர் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தண்ணீர் திறந்துவிடுகிறவரும் அந்தக் குரூப்பில் இருந்தார். அரை மணி நேரத்தில் எரிந்துபோன மோட்டாரின் படத்தைப் போட்டார். காயில் கட்டக் கொடுத்திருக்கிறது, நாளை மறுநாள் வந்துவிடும் என்று சொன்னார். வந்தது. "தண்ணி வந்துருச்சுங்க அண்ணா" என்று அவளும் பேசி அனுப்பினாள். எங்கள் குழுவில் நோட்டு சுற்றி வந்த மாதிரிதான் இருந்தது எனக்கு. அதைவிடக் கூடுதலாக ஒன்றும் இருந்தது. கோயில் வாசலில் உட்கார முடியாத பெண்களின் குரலும், காலனித் தெருப் பிள்ளைகளின் குரலும் முதல்முறையாக ஊர்ப் பொதுவில் கேட்டது.

2018 மே மாதம் அதே குரூப் எனக்குப் பயத்தைக் காட்டியது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட மாவட்டங்களில் பரவிய நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் நிறுத்திக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதற்காக அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அந்த வாரத்தில் எங்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. சைக்கிளில் போர்வை விற்பவர். "உஷார், எல்லோருக்கும் பகிரவும்" என்று கீழே இருந்தது. எங்கள் குழுப் பெண் ஒருத்தி உடனே பேசி அனுப்பினாள்: "இவரு போன மார்கழியில எனக்குத் தவணையில போர்வை கொடுத்தவருங்க. இன்னும் நூறு ரூபா நான் பாக்கி." ஊர் சிரித்தது. பயம் இறங்கியது. ஆனால் படத்தை எடுத்தது யார், எழுதியது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வந்ததை அனுப்பினேன் என்றான் போட்டவன். அவனுக்கு அனுப்பியவனும் அதையேதான் சொன்னானாம். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் ஃபார்வேர்டு என்ற அடையாளத்தைச் சேர்த்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது.

தண்ணீர் கேட்ட படமும் போர்வைக்காரர் படமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒரு படம், கீழே இரண்டு வரி, 200 பேர் பார்க்கிறார்கள். ஆனால் முதலாவதில் கேட்டவளுக்குப் பெயர் இருந்தது, கேட்கப்பட்டவர் அங்கேயே இருந்தார், அவர் பதில் சொல்லக்கூடிய ஒன்றைத்தான் அவள் கேட்டாள். இரண்டாவதில் இதில் எதுவுமே இல்லை.

2019 ஆடிப் பண்டிகை முடிந்து இரண்டு மாதமாகியும் கோயில் கணக்கு வாசிக்கவில்லை. கோயில் வாசலில் ஆண்கள் ஆளுக்காள் முணுமுணுத்தார்கள், கேட்கத்தான் யாரும் இல்லை. ஒருநாள் காலையில் எங்கள் குழுவிலிருந்த ஓர் அக்கா குரூப்பில் பேசி அனுப்பினார். ஆடு மேய்த்துப் பிழைப்பவர். பேச்சுக்கு நடுவே ஆடு கத்தியது.

"அண்ணா, பண்டிகை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. வரவு செலவு இன்னும் வாசிக்கலைங்க. நாங்க அரை வரிக்காரங்கதான். அரைக் கேள்வியாவது கேக்கலாமுங்களா?"

அக்காவின் போனில் ஒவ்வொரு பெயராக நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மத்தியானத்துக்குள் திருப்பூர்ப் பையன்கள் கட்டைவிரலும் கைதட்டலும் போட்டார்கள். சாயங்காலம் பெரியவர்கள் சிலர், பொம்பளைக்கு எதற்குக் கோயில் கணக்கு என்று எழுதினார்கள். ராத்திரி ஒரு பையன், "தின்னுட்டீங்களா?" என்று கேட்டான். மறுநாள் யார் என்று தெரியாத ஓர் எண்ணிலிருந்து, பண்டிகை நிர்வாகத்தில் முதல் ஆளாக இருந்த பெரியவரின் படம் வந்தது. படத்துக்குமேல் சிவப்பெழுத்தில் ஒரே சொல்: திருடன். குரூப் இணைப்பை யாரோ யாருக்கோ கொடுத்து உள்ளே வந்த எண் அது. சற்று நேரத்தில் அந்த எண் வெளியேறிவிட்டது. படம் நின்றது.

அன்றைக்கே அட்மின் தம்பி குரூப்பைப் பூட்டினான். அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற வசதி முந்தைய வருஷம்தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பொதுவில் அணை நீர்மட்டம் வந்தது, காலை வணக்கம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். "எனக்கு எதுக்குக்கா வம்பு? போலீஸ் வந்தா அட்மினைத்தான் புடிப்பாங்க" என்றான். அந்தப் பயம் காற்றில் இருந்தது. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்ததைப் பற்றி முகநூலில் கார்ட்டூன் போட்டதற்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. ஆனால் கைதான செய்தி போய்ச் சேர்ந்த அளவுக்கு ஜாமீன் செய்தி போய்ச் சேரவில்லை. 2018 ஜூனில் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலையை எதிர்த்துப் பேசியவர்களைச் சேலத்தில் கைது செய்தபோது எங்கள் குரூப்பில் பாதிப் பேர் தங்கள் ஸ்டேட்டஸை அழித்தார்கள். இணையத்தில் எழுதியதற்காகச் சிறையில் தள்ள வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதியே ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. அது எங்கள் ஊருக்கு யாரும் ஃபார்வேர்டு செய்யாத செய்தி.

அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கலாமா என்ற கேள்வி கரூரிலிருந்தே நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வழக்கறிஞர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்த வழக்கறிஞர்மீதும் வழக்குப் பதிவானது. அவர் அட்மினாக மட்டுமே இருந்தார் என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னார். பம்பாய் உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கின்றன. எங்கள் தம்பி பூட்டுப் போட்ட நேரத்தில் இந்தத் தீர்ப்பெல்லாம் வரவில்லை. வந்திருந்தாலும் பூட்டியிருப்பான். அவன் கடை கோயிலுக்கு எதிரில்தான் இருந்தது.

குரூப்பைப் பூட்டியதும் பையன்கள் இன்னொரு குரூப் தொடங்கினார்கள். பெரியவர்களைச் சேர்க்கவில்லை. அங்கே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். கொஞ்ச நாளில் கோயில் கணக்கு மறந்துபோய், அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணம், அவர் மருமகள், அவர் வாங்கிய வண்டி என்று பேச்சு எங்கோ போனது. அரை வரி அக்கா அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அவரு இல்லாத எடத்துல அவரப் பத்தி நான் எதுக்குக் கண்ணு பேசணும்? எனக்கு வேண்டியது கணக்கு. அது அவருகிட்டத்தான இருக்குது?"

இதற்குமேல் இந்த விஷயத்தில் யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. நாங்கள் குழுப் பெண்கள் சேர்ந்து பெரியவர் வீட்டுக்குப் போனோம். கையில் எங்கள் தீர்மான நோட்டும் இருந்தது. திண்ணையில் உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார்கள். பெரியவர் முகத்தில் தூக்கமே இல்லை. அவருடைய பேரன் அந்தச் சிவப்பெழுத்துப் படத்தைப் பார்த்திருந்தான். இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பையன் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து, அப்படியென்றால் என்ன என்று அவரிடமே கேட்டிருக்கிறான்.

கணக்கு தயாராகத்தான் இருந்தது. கடைசி நாள் மழையில் ராட்டினமும் கடைகளும் நடக்கவில்லை. கடைக்காரர்களிடம் வரவேண்டிய பணம் வரவில்லை. செலவு வரவைத் தாண்டிவிட்டது. விழுந்த துண்டைத் தன் கைக்காசைப் போட்டு அடைத்திருந்தார். அதை வெளியே சொன்னால், நிர்வாகம் பண்ணத் தெரியவில்லை என்று பேசுவார்களே என்று தள்ளிப்போட்டிருக்கிறார். "நட்டம்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். திருடன்னு சொல்லிட்டானுக" என்றார். யாரும் பதில் பேசவில்லை.

அந்த வாரமே கோயில் வாசலில் கணக்கு வாசித்தார்கள். பெண்களும் உட்கார்ந்தோம். யாரும் அழைக்கவில்லை, யாரும் எழுந்துபோகச் சொல்லவும் இல்லை. கணக்கு எழுதிய தாள்களைப் படம் எடுத்துத் தம்பி குரூப்பில் போட்டு, பூட்டையும் திறந்துவிட்டான். இரண்டு நாள் கேள்விகள் வந்தன. சீரியல் லைட்டுக்கு அவ்வளவு ஆகுமா என்று ஒருவர் கேட்டார். பில்லைப் போட்டார்கள். பம்பைக்காரருக்குக் குறைத்துக் கொடுத்ததாக இன்னொருவர் சொன்னார். அது உண்மை. அடுத்த வருஷம் சேர்த்துக் கொடுப்பதாக எழுதிக்கொண்டார்கள். காலனித் தெருவிடம் வரி வாங்குவது பற்றிக் கேட்டான் ஒரு பையன். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கேள்வி குரூப்பில் அப்படியே இருக்கிறது.

கேள்விக்குப் பயந்து ஒளிய வேண்டியது தப்புச் செய்தவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்தது அப்படியில்லை. வெட்கப்பட்டவர் ஒளிந்தார், பூட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஊகித்தார்கள், ஊகம் பழியானது. அக்காவின் அரைக் கேள்வி அன்றே பதில் பெற்றிருந்தால் பெரியவருடைய நேர்மைக்கு ஊரே சாட்சியாக இருந்திருக்கும். வெளிப்படையாகக் கேட்பது யோக்கியருக்கும் நல்லது என்பதை அந்தத் திண்ணையில் பார்த்தேன். சிவப்பெழுத்துப் படத்தைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஆள் எங்கள் ஊராகவே இருந்திருந்தால், கணக்கு வாசித்த அன்று எங்களோடு உட்கார்ந்து கேட்டிருப்பான்.

சில வருஷம் கழித்து அதே குரூப்பில் இன்னொரு படம் வந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் ஆதார் அட்டைப் படம். தவணை கட்டாமல் ஏமாற்றுகிறார், தெரிந்தவர்கள் சொல்லவும் என்று கீழே எழுதியிருந்தது. வாராவாரம் வசூலுக்கு வரும் ஒரு கடன் நிறுவனத்தின் ஆள் போட்டது. எந்த நிறுவனம் என்பதும் வேண்டாம். அவளுக்கு அந்த மாதம் கருப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "பொதுவுல கேக்கக் கூடாதா? நீங்கதான கோயில் கணக்கைப் பொதுவுல கேட்டீங்க?" என்றான் அந்த ஆள். கேள்வி நியாயமாகத்தான் தெரிந்தது. இளைஞர்களில் சிலரே தலையாட்டினார்கள்.

எனக்குக் குழுவில் கணக்கு வாசித்தது நினைவுக்கு வந்தது. தவணை கட்டாதவர் பெயரை நாங்களும்தான் உரக்கப் படித்தோம். ஆனால் படித்ததும் அடுத்த கேள்வி, ஏன் கட்டவில்லை, என்ன ஆச்சு என்பது. அவள் சொல்வாள். மற்றவர்கள் கேட்பார்கள். தள்ளிவைப்பதா, வேறு யாராவது கை கொடுப்பதா என்று முடிவாகும். அது நோட்டில் ஏறும். அந்த வட்டத்தில் அவளும் ஒருத்தி. அடுத்த கூட்டத்தில் என் கணக்கை அவள் கேட்பாள். இந்த ஆளிடம் நாங்கள் எதைக் கேட்க முடியும்? எனவே கேட்டுவிட்டேன். அவள் வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, வட்டி என்ன விகிதம், பிடித்த கட்டணம் என்னென்ன, இதே குரூப்பில் போடுங்கள் தம்பி, எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று அவன் பதிவின் இடத்தில் வந்தது. கடன் வசூலிக்கும் ஆட்கள் யாரையும் பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது, சமூக ஊடகத்தில் தகாத செய்தி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லியிருந்ததை அப்புறம் தெரிந்துகொண்டோம். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் வசூல் அடாவடியைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது.

வலுவுள்ளவரிடம் கணக்குக் கேட்பதும் வலுவில்லாதவரை நாலு பேர் முன்னால் நிறுத்துவதும் போன் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான்: நீ கேட்கலாம் என்றால், உன்னைத் திருப்பிக் கேட்கவும் இடம் இருக்க வேண்டும். பண்டிகைப் பெரியவரை அக்கா கேட்டார். அக்காவிடம் பெரியவர், நீ எவ்வளவு வரி கட்டினாய் என்று கேட்டிருந்தால் அவர் ரசீதை எடுத்துக் காட்டியிருப்பார். வசூல் ஆளிடம் காட்ட ஒன்றுமில்லை, அல்லது காட்ட மனமில்லை.

இந்த ஒருவழிப் பாதையை நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் நாங்கள் தினமும் பார்த்தோம். 2023 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து வேலைத்தளத்தில் காலையும் மத்தியானமும் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஏரிக்கரையில் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால் கூலி சந்தேகம்தான். எங்கள் முகம் தினம் இரண்டு முறை டெல்லி வரைக்கும் போனது. அந்த ஏரிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்ற தாள் எங்கள் தெரு வரைக்கும் வந்ததில்லை. கேட்டு வாங்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைக்குத் தமிழ்நாடு 1997இலேயே ஒரு சட்டம் போட்டது, நாட்டுக்கே 2005இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்துக்கு விதை போட்டதும் எங்களைப் போன்ற கூலிக்காரர்கள்தான். 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில், அருணா ராய் முதலானவர்கள் கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு, பஞ்சாயத்து வேலைக் கணக்கை ஊர் நடுவில் உரக்க வாசித்தது. செய்யாத வேலைக்குத் தன் பெயரில் கூலி எழுதியிருப்பதைக் கேட்டவர்கள் அங்கேயே எழுந்து சொன்னார்கள். அவர்கள் கையில் போன் இல்லை. வாசிக்கத் தாளும், கேட்க ஊரும், எழுந்து நிற்கப் பெயருள்ள ஆட்களும் இருந்தார்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் கிராம சபைக்குப் போகிறோம். முன்பு வருஷத்துக்கு நான்கு முறை, 2022 முதல் ஆறு முறை. குரூப்பில் கேட்பதைத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். போனில் அழித்தால் அழிந்துவிடும். நோட்டில் அடித்தால் அடித்தது தெரியும், பக்கத்தில் கையெழுத்தும் கேட்போம். போன கிராம சபையில், நர்சிங் படிக்கும் ஒரு பெண் தெருவிளக்கு பற்றிக் குரூப்பில் வந்த கேள்விகளை எழுதி எடுத்து வந்திருந்தாள். வந்திருந்த அலுவலர், "வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் இங்கே கொண்டுவராதம்மா" என்றார்.

"சரிங்க சார். அப்போ இங்க நீங்க சொல்ற பதிலை அங்க போட்டுடறேன். தேதியும் பேரும் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

கூட்டம் சிரித்தது. அலுவலரும் சிரித்தார். பிறகு விளக்குக் கணக்கை வாசித்தார். முழுக் கணக்கு இல்லை. மீதியை அடுத்த கூட்டத்தில் கேட்பதாகத் தீர்மானம் எழுதி, அரை வரி அக்காவைத்தான் முதல் கையெழுத்துப் போடச் சொன்னோம்.